கதையில் அந்தப் பிள்ளைக்கு என்ன வேலை?



நமது மாலை மக்தபில் ஓதிக்கொண்டிருந்த எட்டு வயதுப் பையன் ஒருவன் திடீரென்று வருவதை நிறுத்திவிட்டான். ஊன்றுகோல் பிடித்து நடக்கிற பிள்ளை. வீட்டுக்குப் போய் விசாரித்தோம். "ஓதறதுக்கு அவனுக்கு ஆசைதான் பாய். யாருமே பேரச் சொல்லிக் கூப்பிட மாட்டேங்கிறாங்களாம்" என்றார் அவனுடைய தாய். மற்றப் பிள்ளைகள் அவனுக்கு வைத்திருந்த பட்டப்பெயரை இங்கே எழுத வேண்டியதில்லை. நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

பட்டப்பெயர் சூட்டி அழைப்பதைத் திருக்குர்ஆன் 49ஆம் அத்தியாயத்தின் 11ஆம் வசனம் தடுக்கிறது. அதைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொன்னோம். எல்லோரும் தலையாட்டினார்கள். மறுவாரமும் அதே பெயர்தான் காதில் விழுந்தது. யோசித்துப் பார்த்தால், அந்தப் பேச்சு பெரியவர்களாகிய நம்மிடமிருந்துதான் போயிருக்கிறது. "நொண்டிச் சாக்கு", "குருட்டு அதிர்ஷ்டம்", "செவிடன் காதில் ஊதிய சங்கு" என்று நாள்தோறும் சொல்கிறவர்கள் நாம்தானே?

உபதேசம் மட்டும் போதாது என்று தோன்றியதால் படக்கதைப் புத்தகங்களைத் தேடினோம். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையும் படத்தைப் பார்க்கும். நாற்பது தடவை கேட்ட கதையை இன்னொரு தடவை கேட்கும். அப்படிப் பதிகிற படத்தில் மாற்றுத்திறனாளிப் பிள்ளை எப்படி இருக்கிறது என்பது முக்கியம். பல கதைகளில் அப்படி ஒரு பிள்ளையே கிடையாது. இருந்தாலும் ஓரமாக உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கும். நல்ல பிள்ளைகள் வந்து இரக்கப்படுவார்கள். இல்லையென்றால் கடைசிப் பக்கத்தில் எல்லாம் குணமாகிவிடும். குணமானால்தான் மதிப்பு என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள்.

வேறு விதமான புத்தகங்களும் கிடைத்தன. சென்னையிலுள்ள தூலிகா பதிப்பகம் வெளியிட்ட 'கண்ணா பன்னா' கதையை எழுதியவர் ஜய் விட்டேக்கர். அதில் குகைக் கோயிலைப் பார்க்கப் போன குடும்பம், விளக்கு அணைந்ததும் திகைத்து நிற்கிறது. அவர்களை வழிநடத்தி வெளியே கொண்டு வருகிறவன் பார்வையில்லாத சிறுவன் கண்ணா. இருட்டு அவனுக்குப் பழகிய ஒன்று. அதே பதிப்பகத்தின் 'கேட்ச் தட் கேட்' புத்தகத்தில் சக்கர நாற்காலியில் செல்லும் சிறுமி டிப் டிப், காணாமல் போன தோழியின் பூனையைத் தேடுகிறாள். பூனை மரத்தில் இருக்கிறது. அவளும் விடுவதாக இல்லை.

சுஜாதா பத்மநாபன் எழுதிய சுஸ்கித் கதையும் அருமையானது. என்.சி.இ.ஆர்.டி.யின் நான்காம் வகுப்புச் சுற்றுச்சூழல் பாடநூலிலும் அது இடம்பெற்றது. லடாக் கிராமத்தில் நடக்க முடியாத சிறுமி சுஸ்கித். பள்ளிக்கூடம் போக ஆசை. சக்கர நாற்காலி இருக்கிறது. ஆனால் வழியெல்லாம் கல்லும் மேடும். நடுவில் ஓர் ஓடை. அப்துல் என்ற பையன் ஆசிரியர்களிடம் போய்ப் பேசுகிறான். பிள்ளைகளும் பெரியவர்களும் சேர்ந்து பாதையைச் சமப்படுத்தி, ஓடைக்குப் பாலம் போடுகிறார்கள். சுஸ்கித்தின் கால் கடைசிவரை அப்படியேதான் இருக்கிறது. மாறியது பாதைதான். தெருவுக்குத் தெரு வாய்க்கால் ஓடும் நம் தஞ்சைப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையை விளக்கவே வேண்டியதில்லை.

இந்த மூன்று கதைகளிலும் அந்தப் பிள்ளைக்கு ஒரு வேலையோ ஓர் ஆசையோ இருக்கிறது. அனுதாபத்துக்காக மட்டும் அவர்கள் கதையில் வரவில்லை. நமக்கு இது புதிய பாடமும் அல்ல. பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் மார்க்கம் கேட்டு வந்தபோது, குறைஷித் தலைவர்களோடு பேசிக்கொண்டிருந்த நபி (ஸல்) அவர்கள் முகம் சுளித்தார்கள். அதைக் கண்டித்து 80ஆம் அத்தியாயமான 'அபஸ' இறங்கியது. அந்த முகத்தை வந்தவர் பார்த்திருக்க முடியாது. ஆனாலும் அல்லாஹ் அதைக் கணக்கில் எடுத்தான்.

அதன்பின் நடந்ததையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். பிலால் (ரலி) அவர்களோடு அவரும் பாங்கு சொல்பவர் ஆனார். நபியவர்கள் மதீனாவை விட்டு வெளியே சென்ற சில சமயங்களில் தொழுகை நடத்தும் பொறுப்பும் அவரிடம் இருந்தது. விடிந்துவிட்டது என்று மக்கள் சொன்ன பிறகே அவர் பாங்கு சொல்வார் என்று புகாரியில் வருகிறது. நேரத்தைச் சொல்லி உதவியவர்கள் மக்கள்; பாங்கு சொன்னவர் அவர். உதவியும் பொறுப்பும் சேர்ந்தே இருந்தன.

புத்தகம் வாங்கும்போது மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள்.

1. கதையில் அந்தப் பிள்ளை ஏதாவது செய்கிறதா, உதவி வாங்க மட்டும் வருகிறதா?

2. கதை முடிய அது குணமாகித்தான் ஆக வேண்டுமா?

3. அப்படிப்பட்ட ஒரு பிள்ளை இதைப் படித்தால் தலை நிமிருமா, குனியுமா?

பணம் கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்பதும் இல்லை. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகளைக் கைப்பேசியில் இலவசமாகப் படிக்கலாம். படித்துக் காட்டும்போது இடையில் "பாவம்" என்று சொல்லாதீர்கள். "இவள் நம் தெருவில் இருந்தால் நீ அவளோடு என்ன விளையாடுவாய்?" என்று கேளுங்கள்.

இப்படிப்பட்ட பிள்ளையை வீட்டோடு வைத்திருக்கும் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்புள்ள 6 முதல் 18 வயதுவரையிலான பிள்ளைக்கு, அருகிலுள்ள பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கும் உரிமை உண்டு. எந்தப் பள்ளி என்பது உங்கள் விருப்பம்.

அந்தப் பையன் இப்போது மக்தபுக்கு வருகிறான். வாசல் படிக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளம் கட்டினோம். பட்டப்பெயர் அடியோடு போய்விட்டது என்று சொல்ல மாட்டோம். ஆனால் வருகைப் பதிவேடு அவன் கையில் இருக்கிறது. தினமும் அஸருக்குப் பிறகு ஒவ்வொரு பிள்ளையையும் முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அவன் வேலை.