ஆசிரியரும் பிராணாயாமமும்

பிராணாயாமம் என்னும் வடமொழித் தொடர் பிராணனை ஒழுங்குபடுத்தல் எனப் பொருள்படும். அட்டாங்க யோகத்துள் அது நான்காம் அங்கம். இயமம், நியமம், ஆசனம் என்னும் மூன்றும் அதற்கு முன்னும், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என்னும் நான்கும் அதற்குப் பின்னும் வைத்தோதப்படும். திருமூல நாயனார் அருளிச்செய்த திருமந்திரத்து மூன்றாந் தந்திரத்திலே இவையெட்டும் முறையே கூறப்பட்டன. தீக்கை பெற்றோர் செய்யும் சந்தியாவந்தனத்திலும் பிராணாயாமம் ஓருறுப்பாம். ஆயினும் நம்மவருட் பலர் மூக்கைத் தொட்டுவிடும் அளவில் அதனை முடித்து, வகுப்பறையினுட் புகும்பொழுது முற்றும் மறந்துவிடுகின்றனர். அம்மறதியால் விளையுங் கேட்டினையும், அதனை நீக்கும் வழியினையும் ஈண்டு ஆராய்வாம்.

யாம் ஆசிரியத் தொழிலிற் புகுந்த மூன்றாம் ஆண்டிலே ஒருநாள் மேற்பார்வைக் குழுவினர் முன்னறிவிப்பின்றி எமது வகுப்பினுள் வந்து பின்வாங்கில் அமர்ந்தனர். பாடம் பின்னம். நாவுலர்ந்தது, வெண்கட்டி பிடித்த கை நடுங்கிற்று, நாடோறும் சொல்லும் விளக்கம் நினைவில் வந்திலது. ஒரு மாணவனை எழுப்பி வினாவினேம். முதனாள் செவ்வனே சொன்ன விடையை அவன் அன்று பிழைபடச் சொன்னான். எமது தடுமாற்றமே அவனைப் பற்றியது என்பதை அப்பொழுது அறிந்திலேம். குழுவினர் போனபின் அவன் கையில் மூன்றடி அடித்தேம். அவன் அழுதிலன், எம்மை ஒருமுறை நோக்கினான். அத்தவணை முழுவதும் அவன் கையுயர்த்தி ஒரு விடையுஞ் சொல்லவில்லை. குழுவினர் எழுதிய குறிப்பு யாதென்பது இன்று எமக்கு நினைவில் இல்லை. அந்நோக்கு மறந்திலது. 2005 ஆம் ஆண்டிலே கல்வியமைச்சின் சுற்றுநிருபம் சரீர தண்டனையை விலக்கிற்று. பிரம்பு போயிற்று, அச்சத்திலே பிறக்குங் கடுஞ்சொல் இன்னும் போயிற்றில்லை.

அன்று எம்முடம்பில் நிகழ்ந்தது யாதெனின், கூறுதும். அச்சம் தோன்றியவுடன் சிறுநீரகங்களின் மேலுள்ள அதிரனல் சுரப்பிகள் அதிரனலினைக் குருதியிற் கலக்கின்றன. இருதயம் விரைகின்றது, வாய் உலர்கின்றது, மூச்சு மேலோட்டமாகிக் குறுகுகின்றது. புலியைக் கண்டு ஓடுவோனுக்கு இவை உதவும். பின்னம் விளக்குவோனுக்கு உதவா. இருதயத்தை நோக்கி மெல்லச் செல்லுக என்றால் அது கேளாது. மூச்சு அங்ஙனமன்று. அது தானாகவும் இயங்கும். நமது எண்ணத்துக்கும் அடங்கும். மூச்சு வெளிச்செல்லும்பொழுது வேகசு என்னும் நரம்பின் வழியாக இருதயத் துடிப்பு சிறிது தணிதல் உடலியல் நூலார் கண்ட உண்மை. ஆதலின் இருதயத்தை அடக்க விரும்புவோன் மூச்சின் வாயிலாகவே அதனை அணுகற்பாலன்.

மூச்சின் தொகை நாளொன்றுக்கு 21,600 என்பது நம்முன்னோர் கணக்கு. நாழிகை 60, ஒரு நாழிகைக்கு மூச்சு 360. நாழிகையாவது 24 நிமிடம் ஆதலின், நிமிடத்துக்கு 15 ஆயிற்று. ஓய்ந்திருக்கும் வளர்ந்தோர்க்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை என இக்கால மருத்துவர் கூறுவதனோடு இது பொருந்துதல் காண்க. மாணவர்க்கு இதனைப் பெருக்கற் கணக்காகவே கொடுக்கலாம்.

யாம் பயின்ற மிசன் பாடசாலையில் ஓராசிரியர் வகுப்பு வாயிலிற் கண்மூடிச் சிறிதுநேரம் நின்றே உட்புகுவர். அஃது அவர் சமயத்துச் செபம் என்று மாத்திரம் எண்ணியிருந்தேம். 2001 ஆம் ஆண்டிலே பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் ஓராராய்ச்சி வெளிவந்தது. பெர்னார்டி என்னும் இத்தாலிய மருத்துவரும் பிறரும் 23 பேரைச் சோதித்து, இலத்தீன் மொழியிற் செபமாலை சொல்லும்பொழுதும், மந்திரம் உருவேற்றும்பொழுதும், மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறாகக் குறைந்து, இருதயத்தின் இயக்கமும் ஒழுங்குபடுதலைக் கண்டனர். எமது ஆசிரியர் வாயிலில் நின்றதன் பயன் அப்பொழுதே எமக்கு விளங்கிற்று. நம் வீட்டிலிருந்த பொருளைப் பிறர் வாயிலிற் கண்டபின்னரே தேடினேம் என்பது நாணத்தக்கது.

இனி, ஆசிரியர் செய்யத்தக்க முறை வருமாறு:

1. காலையில் அனுட்டானத்தின்பின் முதுகும் கழுத்தும் நேராக இருந்து, ஐந்து விநாடி மூச்சை மூக்கால் உள்ளிழுத்து, ஐந்து விநாடி வெளிவிடுக. தீக்கை பெற்றோர் விநாடிக்கு ஓரெழுத்தாகத் திருவைந்தெழுத்தை மனத்துள் எண்ணுக. பெறாதோர் சிவநாமத்தை நினைந்து ஐந்தென எண்ணுக. நிமிடத்துக்கு ஆறு மூச்சாகும். ஐந்து நிமிடம் போதும்.

2. மனம் சம்பளத்தையும் அதிபரையும் நினைந்து ஓடுமாயின், அதனை வையாது, மீட்டு மூச்சிலே நிறுத்துக. நூறுமுறை ஓடின் நூறுமுறையும் மீட்குக. புலன்வழிச் செல்லும் மனத்தை மீட்டல் பிரத்தியாகாரம். ஓரிடத்தில் நிறுத்தல் தாரணை. மீட்குந்தோறும் பயிற்சி வளருமாதலின் ஓடியதற்காக வருந்தற்க.

3. வகுப்பு வாயிலில் மூன்று மூச்சு. சினம் எழுங்காற் சொல்லெடுக்குமுன் ஒரு மூச்சு. நாடோறும் பழகாதவனுக்கு இவ்வொரு மூச்சும் வேண்டியபொழுது வாராது.

பூரகம் 16, கும்பகம் 64, இரேசகம் 32 மாத்திரை எனத் திருமந்திரங் கூறும் அளவு குருமுகமாகப் பயிலற்பாலது. நூலை மாத்திரம் நோக்கி மூச்சை அடக்கற்க. இருதயநோய், உயர் குருதியமுக்கம், ஈளை உடையோரும் கருவுற்றோரும் கும்பகத்தை விலக்கி, மருத்துவரை வினாவி ஒழுகுக.

அற்றேல், வீடுபேற்றுக்கு ஓதப்பட்ட அங்கத்தை மேற்பார்வையாளர் முன் நற்பெயர் பெறுதற்குப் பயன்படுத்தல் தகுமோ எனின், நற்பெயர் ஒன்றே கருதின் தகாது. இயமத்தைக் கூறுங்கால் திருமூலர் முதற்கண் வைத்தது கொல்லாமை. பிறவுயிர்க்கு ஊறு செய்யாமை அதனுள் அடங்கும். பிராணாயாமம் அதன் பின்னரே வருவது. ஆதலின் மாணவன் மனம் நோவாதிருத்தற்பொருட்டு ஆசிரியன் தன் மூச்சை அடக்கின், அவன் அங்கங்களை முறைபிறழாது பற்றியவனே ஆவன்.

பன்னாள் கழித்து மற்றொரு குழுவினர் எமது வகுப்புக்கு வந்தனர். அன்றும் நெஞ்சு துடித்தது. அச்சம் ஒழிந்துவிட்டது என்று பொய் கூறோம். ஒரு மாணவன் விடையிலே தடுமாறினான். யாம் ஒரு மூச்சளவு பேசாதிருந்தேம். அவன் கரும்பலகையை மீண்டும் நோக்கித் தானே பிழையைத் திருத்திக்கொண்டான். பண்டு எம்மிடம் அடிபட்ட மாணவனுக்கும் வேண்டியிருந்தது அவ்வளவே. அதனை அன்று கொடாத யாம், பிற ஆசிரியரேனும் கொடுத்தற்பொருட்டு இதனை எழுதினேம்.

திருச்சிற்றம்பலம்.