பீட்டாவுக்கு ஒரு வெள்ளோட்டம்

புதுத் தேர் செய்தால் முதலில் சாமியை ஏற்றாமல் வீதியில் இழுத்துப் பார்ப்பார்கள். அச்சு முறுக்குகிறதா, திருப்பத்தில் சக்கரம் மக்கர் செய்கிறதா என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும். கடிதமும் கணக்கும் எழுதுகிற ஆபீஸ் மென்பொருளுக்கும் இப்படி வெள்ளோட்டக் காலம் உண்டு. இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ், பிப்ரவரி வாக்கில் ஒன்று, ஆகஸ்ட் வாக்கில் ஒன்று என்று வருடத்துக்கு இரண்டு பெரிய பதிப்புகளை வெளியிடுகிறது. அதற்குச் சில வாரங்கள் முன்பே ஆல்ஃபா, பீட்டா, ஆர்சி என்ற வரிசையில் சோதனைப் பதிப்புகளை யார் வேண்டுமானாலும் இறக்கிப் பார்க்கலாம். எங்கள் குடியிருப்புச் சங்கக் கணக்கை எழுதுகிறவள் என்ற முறையில், பட்டுத் தெரிந்துகொண்டவை இவை.

1. பீட்டா பச்சைக் காய், ஆர்சி கிட்டத்தட்டப் பழுத்தது. ஆனால் நிறுவும்போது கணக்கு தலைகீழ். ஆல்ஃபாவும் பீட்டாவும் ‘லிப்ரே ஆபீஸ் டெவ்’ என்ற தனிப் பெயரில், பழைய பதிப்பைத் தொடாமல் பக்கத்தில் குடியேறும். ஆர்சி அப்படியில்லை, இருக்கிறதை எடுத்துவிட்டு அதே இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். வீட்டில் ஒரே கம்ப்யூட்டர்தான் என்றால் பீட்டாவோடு நிறுத்திக்கொள்வதே எனக்குப் புத்திசாலித்தனமாகப் படுகிறது.

2. ஆர்சிதான் வேண்டும் என்றால், இப்போது ஓடுகிற பதிப்பின் இன்ஸ்டாலரை முதலில் ஒரு பென்டிரைவில் போட்டு வையுங்கள். கூடவே உங்கள் ‘யூசர்’ ஃபோல்டரையும் நகல் எடுங்கள். விண்டோஸில் அது ஆப்டேட்டா, ரோமிங், லிப்ரே ஆபீஸ், 4 என்ற வரிசையில் உள்ளே போனால் இருக்கும். அகராதியில் நீங்கள் சேர்த்த சொற்கள், ஆட்டோகரெக்ட், டெம்ப்ளேட் எல்லாம் அதற்குள்தான்.

3. சாமி ஏறக் கூடாது. அதாவது, அசல் கோப்பைத் திறக்கவே கூடாது, நகலைத்தான் திறக்க வேண்டும். முன்பு ஒருமுறை, வேறொரு மென்பொருளின் சோதனைப் பதிப்பில், மாதப் பராமரிப்புக் கணக்கின் அசலையே திறந்து சேமித்தேன். என் திரையில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பொருளாளரின் பழைய கம்ப்யூட்டரில் திறந்தபோது, கட்டங்களின் மூலையில் ‘எந்தத் தேதியில் எத்தனை தண்ணீர் லாரி’ என்று நான் எழுதி வைத்திருந்த குறிப்பு ஒன்றுகூட இல்லை. ரசீதுக் கட்டைப் பிரித்துத் தரையில் பரப்பி, இரவு பதினொரு மணிவரை திரும்ப எழுதினேன். இப்போதெல்லாம் நகலின் பெயரிலேயே ‘வெள்ளோட்டம்’ என்று சேர்த்துவிடுகிறேன்.

4. நகல் என்றதும், ‘அஆஇஈ’ என்று நாலு வரி தட்டிப் பார்த்துவிட்டு ‘நன்றாகத்தான் இருக்கிறது’ என்று மூடிவிட வேண்டாம். அதில் ஒன்றும் அகப்படாது. நிஜமான வேலையின் நகலாக இருக்கட்டும்: மூன்று வருடக் கணக்கு, படம் ஒட்டிய அழைப்பிதழ், அடுத்தவர் அனுப்பிய டாக்எக்ஸ் கோப்பு.

5. டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லோட்/சேவ், ஜெனரல் என்று போங்கள். தானாகச் சேமிக்கும் இடைவெளி வழக்கமாக 10 நிமிடம் இருக்கும். அதை 3 ஆக்குங்கள். பக்கத்திலேயே ‘எப்போதும் பேக்கப் எடு’ என்பதற்கு டிக் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் அடியுங்கள். ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் அதற்கு முந்தைய வடிவம் தனியே நிற்கும்.

6. தமிழை நாம்தான் சோதிக்க வேண்டும், நமக்காக வேறு யாரும் செய்யப் போவதில்லை. லிப்ரே ஆபீஸ் 2017-இல் 5.3 பதிப்பிலிருந்து, எழுத்துகளை அடுக்கும் வேலையை எல்லாக் கணினிகளிலும் ஹார்ஃப்பஸ் என்ற ஒரே பொறியிடம் கொடுத்துவிட்டது. அதனால் தொல்லை நிறையவே குறைந்தது. ஆனாலும் ‘கொ, கோ, கௌ’ இருக்கிற சொல், ‘ஸ்ரீ’, ‘க்ஷ’ ஆகியவற்றைத் தடித்த எழுத்தில் ஒருமுறை, சாய்வெழுத்தில் ஒருமுறை பாருங்கள். இருபக்கமும் சமன்செய்த பத்தியில் கொம்பு ஒரு வரியிலும் எழுத்து மறு வரியிலுமாகப் பிரிகிறதா என்று கவனியுங்கள். பிறகு பிடிஎஃப் ஆக்கி, அதில் ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடுங்கள். கண்ணுக்கு ஒழுங்காகத் தெரிகிற பக்கம், தேடும்போது கையை விரிப்பதுண்டு.

7. பிரின்ட் எடுத்தும் பார்க்க வேண்டும். பழைய தாளின் பின்பக்கம் போதும். கவர் மேல் ஒட்டும் முகவரி லேபிள்தான் நல்ல பரீட்சை: ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் கடைசி வரிசை காட்டிக்கொடுத்துவிடும்.

8. வருடக் கணக்கு முடிக்கிற மார்ச் 31 அன்று இந்தச் சோதனை வேண்டவே வேண்டாம். மாதக் கடைசியிலும் வேண்டாம்.

9. ஏதாவது கோணலானால் உடனே மென்பொருளைத் திட்டாதீர்கள். ஹெல்ப் மெனுவில் ‘சேஃப் மோடு’ இருக்கிறது. அதில் திறந்தால் ஒழுங்காக ஓடுகிறதா? அப்படியென்றால் கோளாறு உங்கள் பழைய அமைப்புகளிலோ, சேர்த்துக்கொண்ட எக்ஸ்டென்ஷனிலோ இருக்கலாம்.

10. லிப்ரே ஆபீஸில் எழுதிச் சேமித்த ஓடிடி (.odt) கோப்பு திறக்க மறுத்தால் பதறாதீர்கள். அது உள்ளுக்குள் ஒரு ஜிப் பொட்டலம்தான். நகல் எடுத்து, பெயரின் வாலை ‘ஜிப்’ என்று மாற்றித் திறந்தால் உள்ளே ‘கன்டென்ட்’ என்று ஓர் எக்ஸ்எம்எல் கோப்பு இருக்கும். நோட்பேடில் பாருங்கள். குறியீட்டுக் குப்பைகளுக்கு நடுவே நீங்கள் எழுதிய வரிகள் கிடக்கும், பொறுக்கி எடுத்துக்கொள்ளலாம். அலங்காரம் போகும், விஷயம் மிஞ்சும்.

11. கண்ட பிழையைச் சொல்லாவிட்டால் சோதித்து என்ன பயன்? பக்ஸில்லா என்ற பதிவேட்டில், வேறு யாராவது ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்களா என்று முதலில் தேடுங்கள். இல்லையென்றால் நீங்கள் எழுதுங்கள். ‘வேலை செய்யவில்லை’ என்பது டாக்டரிடம் போய் ‘உடம்பு சரியில்லை’ என்று மட்டும் சொல்வது போல. என்ன செய்தேன், என்ன வரும் என்று நினைத்தேன், என்ன வந்தது என்று படிப்படியாக எழுத வேண்டும். பழைய பதிப்பிலும் அதே கோளாறு இருக்கிறதா என்று பார்த்துச் சொன்னால் சரிசெய்பவர்களுக்குப் பாதி வேலை மிச்சம். பதிப்பு எண்ணை ‘அபவுட்’ பெட்டியிலிருந்து அப்படியே நகலெடுத்து ஒட்டுங்கள். ஒன்று மறக்காதீர்கள்: இணைக்கும் கோப்பை உலகமே பார்க்கலாம். பெயர், போன் நம்பர், வங்கிக் கணக்கு எண் எல்லாவற்றையும் மாற்றிவிட்டு அனுப்புங்கள்.

12. கட்டணம் கட்டி வாங்கும் மைக்ரோசாஃப்ட் 365-க்கும் ‘இன்சைடர்’ என்ற பெயரில் முன்னோட்டப் பதிப்புகள் உண்டு. அதில் பீட்டா சேனல் துணிந்தவர்களுக்கு. ‘பிரிவியூ’ சேனல் கொஞ்சம் நிதானமானது. எந்தச் சோதனைப் பதிப்பானாலும் காலாவதித் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். 2009 நவம்பரில் எல்லோருக்கும் திறந்துவிட்ட ஆபீஸ் 2010 பீட்டாவுக்கு 2010 அக்டோபர் 31 வரைதான் ஆயுள். அலுவலகக் கம்ப்யூட்டரில் போடுவதற்கு முன் அங்கே கணினி பார்ப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

13. முழுப் பதிப்பு வந்ததும் ‘டெவ்’வை நீக்கிவிடுங்கள். வெள்ளோட்டக் கோப்புகளையும் அழித்துவிடுங்கள். நான் சோம்பலில் விட்டுவைத்து, ‘மராமத்துக் கணக்கு – வெள்ளோட்டம்’ என்ற பெயரோடேயே சங்கச் செயலாளருக்கு ஒன்றை அனுப்பிவிட்டேன். ஐந்தே நிமிடத்தில் பதில் வந்தது: “தேர் எப்ப கிளம்புதுக்கா?”