வாயிலும் களஞ்சியமும்

நுழையும்முன்

தொற்றுநோய் பரவும் காலத்தில் ஊரின் வாயில் அடைபடுகிறது; மருத்துவமனையின் கதவும் அடைபடுகிறது. அடைப்பது எளிது. அடைபட்டோர்க்கு உணவும் மருந்தும் உறவின் ஆறுதலும் கிடைக்கச் செய்வதே அரிது. 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் கால நெறிமுறைகளைச் செஞ்சிக் கோட்டையின் அமைப்போடு பொருத்திச் சிந்திக்கத் தூண்டுகிறது இப்பாடம்.

அரண் தரும் பாடம்

விழுப்புரம் மாவட்டத்தின் வல்லம் வட்டார மக்களுக்குச் செஞ்சிக் கோட்டை அண்டையிலுள்ள அரண். மூன்று மலைகளை இணைத்து நிற்கும் அதன் மதில்களைக் கண்டு வியவாதார் இல்லை. முகலாயப் படைத்தலைவர் சுல்பிகர்கான் 1690ஆம் ஆண்டில் தொடங்கிய முற்றுகை, 1698ஆம் ஆண்டில்தான் முடிவுற்றது. அத்துணைக் காலம் கோட்டை தாக்குப்பிடித்ததற்கு மதில் மட்டுமே காரணமன்று. உள்ளே தானியக் களஞ்சியங்கள் இருந்தன. சுனைகளும் குளங்களும் இருந்தன. களஞ்சியம் இல்லாத கோட்டையில் வாயிலை அடைத்தால், அது காவலாகாது, சிறையாகிவிடும்.

கொரோனா பெருந்தொற்றின்போது, 2020 மார்ச்சு 17 அன்று தொல்லியல் துறையின் பிற நினைவுச் சின்னங்களோடு செஞ்சிக் கோட்டையும் பார்வையாளர்க்கு மூடப்பட்டது. அடுத்த சில நாள்களில் நாடே வாயிலை அடைத்துக்கொண்டது. அந்த அடைப்பிற்குக் களஞ்சியம் இருந்ததா என்பதே நாம் எழுப்பவேண்டிய வினா.

ஊர் திரும்பியவர்கள்

சென்னைக் கோயம்பேடு சந்தையில் தொற்று பரவியதால், 2020 மே 5 அன்று அச்சந்தை மூடப்பட்டது. அங்குச் சுமை தூக்கியும் காய்கறி ஏற்றியிறக்கியும் பிழைத்தவர்களில் பலர் விழுப்புரம், கடலூர், அரியலூர் மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். அவர்கள் ஊர் திரும்பியபோது அம்மாவட்டங்களில் நோயாளர் எண்ணிக்கை விரைந்து உயர்ந்தது. பள்ளிகளும் கல்லூரிகளும் தனிமைப்படுத்தும் மையங்களாயின. தாம் பிறந்த ஊரின் எல்லையிலேயே ஒருவர் அயலாராக நிறுத்தப்பட்டார்.

இங்கு இரு சொற்களைப் பிரித்தறிதல் வேண்டும். நோயுற்றவரைப் பிறரிடமிருந்து பிரித்து வைத்து மருத்துவம் செய்வது ஒன்று. நோய் தொற்றியிருக்கக்கூடும் என்னும் ஐயத்தால், நலமாகத் தோன்றுபவரைக் குறித்த காலம் தனித்திருக்கச் செய்வது மற்றொன்று. கொரோனா கிருமி உடலில் புகுந்தபின் அறிகுறி தோன்றப் பெரும்பாலும் ஐந்து நாள்களும், சிலர்க்குப் பதினான்கு நாள்கள் வரையும் ஆகலாம். பதினான்கு நாள் தனிமை என்னும் கணக்கு அதிலிருந்தே பிறந்தது. தனித்திருப்பவர் குற்றவாளி அல்லர். பிறர் நலம் கருதித் தம் நாள்களை ஈந்தவர். அன்றாடக் கூலியாளர்க்குப் பதினான்கு நாள் என்பது பதினான்கு நாள் ஊதியம். அவ்விழப்பைச் சமூகம் பகிர்ந்துகொள்ளாவிடில், அவர் நோயை மறைக்கவே முற்படுவார். மறைத்த நோய் எல்லோரையும் தாக்கும்.

மண்டபம் முகாம்

தமிழர்க்கு இத்தகைய தனிமை புதிதன்று. இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர்கள், இராமேசுவரத்தை அடுத்த மண்டபம் முகாமில் தடுத்துவைக்கப்பட்டனர். மருத்துவச் சோதனைக்கும் அம்மைத் தடுப்பூசிக்கும் பின்னரே அவர்கள் கடல் கடக்க முடிந்தது. நோயைத் தடுக்கும் நோக்கம் அதில் இருந்தது. ஆயினும், அத்தடுப்பின் சுமை தோட்டத் தொழிலாளர்மீதே மிகுதியாக விழுந்தது. கிருமி பயணச் சீட்டின் வகுப்பைப் பார்ப்பதில்லை. அதனைத் தடுக்கும் விதியும் பார்த்தலாகாது.

தெரிந்து தெளிவோம்

1377ஆம் ஆண்டு, ஏட்ரியாட்டிக் கடற்கரை நகரமான இரகூசா, கொள்ளைநோய்ப் பகுதிகளிலிருந்து வருவோர் முப்பது நாள் வெளியே தங்கவேண்டும் என விதித்தது. பின்னர் வெனிசு நகரில் அது நாற்பது நாளாயிற்று. நாற்பதைக் குறிக்கும் வெனிசு மொழிச் சொல்லே ‘குவாரன்டைன்’ எனத் திரிந்தது.

மருத்துவமனைக் கதவு

பெருந்தொற்றுக் காலத்தில் கொரோனா நோயாளரைக் காண உறவினர்க்கு இசைவு மறுக்கப்பட்டது. வருவோர் நோயைப் பெற்றுச் செல்லவும், பிற நோயாளர்க்குக் கொண்டுவரவும் கூடும் என்பதால் இத்தடை இன்றியமையாததாயிற்று. ஆனால், நம் மருத்துவமனைகளில் உடனிருப்பவர் வெறும் பார்வையாளர் அல்லர். கஞ்சி ஊட்டுபவர், கழிவறைக்குக் கைத்தாங்கலாக அழைத்துச் செல்பவர், மருந்து வாங்கி வருபவர், மருத்துவர் கூறுவதை முதியோர்க்கு விளக்குபவர் அவரே. ஆகவே, கதவு அடைபட்டபோது நோயாளர் உறவை மட்டும் இழக்கவில்லை. ஊழியர் ஒருவரையும் இழந்தார். அவ்விடத்தை நிரப்பும் பொறுப்பு, முழுக்கவச உடைக்குள் வியர்த்து நின்ற செவிலியர்மீது விழுந்தது. உறவினரோ வெளியே செய்தியின்றித் தவித்தனர்.

இத்துயரை உச்சநீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. கொரோனா மருத்துவமனைகள் நோயாளருக்கு விருப்பமுள்ள உதவியாளர் ஒருவரை வளாகத்தின் ஒதுக்கப்பட்ட பகுதியில் இருக்க இசையவேண்டும் எனவும், நோயாளரின் நிலையை அறிய உதவி மையம் அமைக்கவேண்டும் எனவும் 2020 சூன் 19 அன்று ஆணையிட்டது. தடையை அது நீக்கிவிடவில்லை. தடைக்குள் ஒரு சாளரத்தைத் திறந்தது.

விதியின் அளவுகோல்

நோய்த்தடுப்பு விதியை மதிப்பிட மூன்று வினாக்கள் போதும். இத்தடை நோயின் இயல்பறிந்து விதிக்கப்பட்டதா? எளியவர்க்கும் வலியவர்க்கும் ஒன்றா? தடுக்கப்பட்டவர்க்கு வேண்டியதை யார் தருகிறார்? முதல் வினாவிற்கு அறிவியல் விடை தரும். மற்ற இரண்டிற்கும் விடை தரவேண்டியது அரசும் சமூகமும். அடுத்த பெருந்தொற்று வரும்முன்பே அவ்விடைகளை ஆயத்தம் செய்தல் வேண்டும். முற்றுகை தொடங்கியபின் எவரும் களஞ்சியம் கட்டத் தொடங்குவதில்லை.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் 2020ஆம் ஆண்டில் தனிமைப்படுத்தப்பட்ட ஒருவரிடமோ, பணியாற்றிய செவிலியரிடமோ நேர்காணல் நிகழ்த்தி எழுதுக.

2. ‘நோயாளரைக் காண வருவோரைத் தொற்றுக் காலத்தில் முற்றிலும் தடுப்பது சரியா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

3. உங்கள் பள்ளி தனிமைப்படுத்தும் மையமானால் தங்குவோர்க்கு எவையெவை தேவைப்படும் எனப் பட்டியலிடுக.