எந்த ப்ளக் போடுவது? பட்டறைக்குப் புதிதாக வரும் தம்பிகளுக்கு

கரையான்சாவடியிலும் குமணன்சாவடியிலும் வேலை பழக வரும் தம்பிகளே, முதல் மாதத்திலேயே உங்கள் முன் வந்து நிற்கும் கேள்வி, "சாதா ப்ளக் போடலாமா, இரிடியம் போடலாமா?" என்பதுதான். ஒரகடம் ஷிஃப்டுக்குப் போகிறவரும் கேட்பார், ராத்திரியெல்லாம் சாப்பாடு டெலிவரி ஓட்டுகிற பையனும் கேட்பான். இரண்டு பேருடைய காசும் வேர்வை சிந்திய காசு. பதில் சொல்லும் முன் இவற்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

1. முதலில் நம்பர், பிறகுதான் உலோகம்.

என்ஜிகே ப்ளக்கில் 'சிபிஆர்8ஈஏ-9' என்று இருந்தால் ஒவ்வொரு எழுத்துக்கும் வேலை உண்டு. 'சி' 10 மி.மீ. மரை, 'ஆர்' ரெசிஸ்டர், '8' வெப்ப எண், 'ஈ' 19 மி.மீ. மரை நீளம், கடைசி '9' என்பது 0.9 மி.மீ. இடைவெளி. நீளம் கூடினால் பிஸ்டனில் இடிக்கும்; குறைந்தால் ஹெட் மரையில் கரி ஏறும். என்ஜிகேயில் எண் ஏற ஏற ப்ளக் சூட்டை வேகமாக வெளியேற்றும். பாஷில் இது தலைகீழ், எண் குறையக் குறையத்தான் அப்படி. அதனால் கம்பெனி மாற்றிப் போடும்போது எண்ணைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள், பொருத்தப் பட்டியலைப் பாருங்கள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் ரெசிஸ்டர் இல்லாத ப்ளக்கைப் போட்டால் மின் இரைச்சல் கன்ட்ரோல் யூனிட்டைக் குழப்பும்.

2. இரிடியம் பவரைக் கூட்டாது என்று நேராகச் சொல்லுங்கள்.

சாதா ப்ளக்கின் நடு முனை நிக்கல் கலவை, சுமார் 2.5 மி.மீ. தடிமன். இரிடியம் முனை 0.4 அல்லது 0.6 மி.மீ. தான். நிக்கல் 1,455 டிகிரியில் உருகும், இரிடியத்துக்கு 2,446 டிகிரி வேண்டும். அதனால்தான் அதை அத்தனை மெல்லியதாகச் செய்ய முடிகிறது. முனை மெலிந்தால் குறைந்த வோல்டேஜிலேயே பொறி தாவும். காலையில் ஸ்டார்ட்டிங் சுலபமாகும், ஐட்லிங் சீராக நிற்கும். ஆனால் நல்ல நிலையில் உள்ள 100 சிசி வண்டியில் நல்ல சாதா ப்ளக்கும் பெட்ரோலை முழுதாகவே பற்றவைக்கிறது. அங்கே கூடுதல் பிக்கப் தேடுகிறவர் ஏமாந்து போவார்.

3. ஓட்டத்தைக் கேட்டுக் கணக்குப் போடுங்கள்.

பல வண்டிகளின் கையேடு சாதா ப்ளக்கை 12,000 கி.மீ.க்கு மாற்றச் சொல்கிறது. தினம் 60 கி.மீ. ஓடுகிறவருக்கு அது 200 நாள். அவருக்கு இரிடியம் கட்டுப்படியாகலாம். மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் மட்டும் எடுக்கிற வண்டிக்குச் சாதாவே போதும். பல இரிடியம் ப்ளக்குகளில் நடு முனை மட்டும்தான் இரிடியம், வளைந்து நிற்கும் எர்த் கம்பி நிக்கல்தான். அது தேயத்தான் செய்யும். பல்சர் டிடிஎஸ்-ஐயில் இரண்டு ப்ளக், 200 என்எஸ்ஸில் மூன்று. விலை சொல்லும்போது எண்ணிக்கையால் பெருக்கிச் சொல்லுங்கள். கம்பெனியே இரிடியம் போட்டு அனுப்பிய வண்டியில் மட்டும் காசை மிச்சப்படுத்துகிறேன் என்று சாதாவுக்கு இறங்காதீர்கள்.

4. பழைய ப்ளக்கைப் படிக்காமல் புதியதைத் தொடாதீர்கள்.

கழற்றியதும் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். முனையைச் சுற்றிய பீங்கான் இளம்பழுப்பாக இருந்தால் என்ஜின் நலம். உலர்ந்த கரி, விரலில் மை போல ஒட்டினால் பெட்ரோல் கூடுதலாகப் போகிறது. முதலில் ஏர் ஃபில்டரைத் திறங்கள். மெட்ரோ வேலை நடந்த வருடங்களில் மவுண்ட்-பூந்தமல்லி சாலைப் புழுதியில் ஓடிய வண்டிகளில் ஃபில்டர் அடைப்பு சகஜம். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ போயிருக்கும். வெளுத்துக் கொப்புளித்திருந்தால் காற்று கூடி என்ஜின் கொதிக்கிறது. இந்தக் கோளாறுகள் எதையும் இரிடியம் தீர்க்காது. மழைக்காலத்தில் வண்டி திக்கினால் ப்ளக் கேப்பையும் ப்ளக் குழியில் தேங்கிய தண்ணீரையும் முதலில் பாருங்கள்.

5. கை சுத்தம் முக்கியம்.

என்ஜின் ஆறிய பிறகே கழற்றுங்கள். அதற்கு முன் குழியில் உள்ள மண்ணைக் காற்றடித்து ஊதுங்கள், இல்லாவிட்டால் அது நேரே சிலிண்டருக்குள் விழும். புது ப்ளக்கை விரலாலேயே கடைசி வரை ஏற்றுங்கள். வாஷர் உட்கார்ந்த பிறகு ஸ்பேனரில் அரைச் சுற்று போதும். ஹெட் அலுமினியம்; மரை போனால் ஹெட்டையே கழற்றிப் பட்டறைக்கு அனுப்ப வேண்டிவரும். இரிடியம் முனையில் கம்பி பிரஷும் உப்புத்தாளும் படவே கூடாது, இடைவெளி வைக்க அதை நெம்பவும் கூடாது. இந்த ஒழுக்கம் இல்லாத கைக்கு விலை உயர்ந்த ப்ளக் வீண்.

6. போலியைக் கண்டுபிடிக்கப் பழகுங்கள்.

ஜி.பி. ரோட்டில் வாங்கினாலும் நம் ஊர்க் கடையில் வாங்கினாலும் பில் கேளுங்கள். பீங்கானில் எழுத்து மங்கியிருக்கிறதா, எர்த் கம்பி கோணியிருக்கிறதா, வாஷர் தானாகக் கழன்று விழுகிறதா என்று பாருங்கள். இரிடியம் என்று பெட்டி சொல்லி, முனை தடியாக இருந்தால் திருப்பிக் கொடுங்கள். போலி இரிடியத்தைவிட அசல் சாதா எவ்வளவோ மேல்.

7. கழற்றியதை வண்டிக்காரர் கையில் கொடுங்கள்.

எங்கே தேய்ந்திருக்கிறது என்று காட்டுங்கள். புது ப்ளக்கின் நம்பரையும் மாற்றிய கிலோமீட்டரையும் பில்லில் எழுதுங்கள். சாதா போதும் என்றால் போதும் என்றே சொல்லுங்கள். அன்று லாபம் சில நூறு ரூபாய் குறையும். ஆனால் அடுத்த முறை கிளட்ச் பிளேட்டோ செயின் செட்டோ மாற்ற வேண்டும் என்று நீங்கள் சொல்லும்போது, அவர் இன்னொரு பட்டறையில் போய் விசாரிக்க மாட்டார்.