கப்பல்கள் மோதினால் நம் சரக்குக்கு யார் பொறுப்பு?

லாரி கவிழ்ந்தால் யாரிடம் கேட்பது என்று நம் வணிகர்களுக்குத் தெரியும். துறைமுக வாயிலில் இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டால்? அரியாங்குப்பத்துக் கடைகளில் விற்கும் பர்மா உளுந்தும் இந்தோனேசியப் பாமாயிலும் கப்பலில் வருபவைதாம். ஆகவே இது நமக்கும் உரிய பாடமே.

2010 ஆகஸ்ட் 7 அன்று மும்பைத் துறைமுகக் கால்வாயில் எம்.எஸ்.சி. சித்ரா, கலீஜியா-3 என்ற இரு வெளிநாட்டுக் கொடிக் கப்பல்கள் மோதின. சுமார் 1,200 கன்டெய்னர்களை ஏற்றியிருந்த சித்ரா சாய்ந்து, நூற்றுக்கணக்கான கன்டெய்னர்கள் கடலில் விழுந்தன. எண்ணெயும் கசிந்தது. சில நாட்கள் கப்பல் போக்குவரத்தே நின்றது.

இப்படிச் சரக்கு போனால் முழு விலையும் கிடைத்துவிடும் என்று எண்ணக்கூடாது. நம் சரக்கை ஏற்றிய கப்பலைக் கேட்டால், கேப்டனோ மாலுமிகளோ கப்பலை ஓட்டியதில் செய்த தவறுக்கு உரிமையாளர் பொறுப்பில்லை என்று பில் ஆஃப் லேடிங் சட்டம் அவரைக் காக்கிறது. மோதிய மற்றக் கப்பலைக் கேட்கலாம். ஆனால் தவறு 40 பங்கு அதனுடையது என்று தீர்ந்தால், 10 லட்ச ரூபாய்ச் சரக்குக்கு 4 லட்சம்தான் பெறலாம். அந்த 4 லட்சமும் முழுதாக வராமல் போகலாம். ஏனெனில் கப்பல் உரிமையாளரின் மொத்தப் பொறுப்புக்கே சட்டம் ஒரு வரம்பு கட்டியிருக்கிறது.

இந்த வரம்பு பழைய வழக்கம். பிரெஞ்சுக் கடல் சட்டம் 1681 முதலே, கப்பலையும் அதன் வாடகையையும் கடன்காரர்களிடம் விட்டுவிட்டு உரிமையாளர் கை கழுவ அனுமதித்தது. அமெரிக்காவின் 1851ஆம் ஆண்டுச் சட்டமும் விபத்துக்குப் பின் கப்பல் என்ன விலை பெறுமோ அதையும் வாடகையையும் அளவாக வைக்கிறது. 2024 மார்ச்சில் பால்டிமோர் பாலத்தை இடித்த டாலி கப்பலின் தரப்பு இதைக் காட்டித்தான் சுமார் 4 கோடியே 37 லட்சம் டாலருக்கு மேல் தங்கள் பொறுப்பில்லை என்று மனுச் செய்தது.

பல நாடுகள் கப்பலின் டன் கணக்கையே பார்க்கின்றன. 1976 ஒப்பந்தப்படி 20,000 டன் கப்பலுக்குப் பொருள் சேத வரம்பு சுமார் 34 லட்சம் எஸ்.டி.ஆர். (சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு). 1996 உடன்படிக்கையின் அளவுகள் உயர்த்தப்பட்டு 2015 ஜூனில் நடப்புக்கு வந்த பின், அதே கப்பலுக்குச் சுமார் 1 கோடியே 24 லட்சம். ஒரே மோதல், ஒரே நட்டம். வழக்கு நடக்கும் நாட்டைப் பொறுத்துத் தொகை மூன்றரை மடங்கு மாறுகிறது! ஆகவே உரிமையாளர் வரம்பு குறைந்த நாட்டில் பணத்தைக் கட்டிவிட்டு ஒதுங்கப் பார்ப்பார். சரக்குக்காரர் வரம்பு அதிகமுள்ள துறைமுகத்தில் கப்பலைப் பிடிக்கப் பார்ப்பார். இந்தியா 1976 ஒப்பந்தத்தில் 2002இலும், 1996 உடன்படிக்கையில் 2011இலும் சேர்ந்தது.

கப்பலைக் கைது செய்யும் அதிகாரத்தை 2017ஆம் ஆண்டுக் கடல்வழக்குச் சட்டம் வரையறுக்கிறது. நம் பகுதிக்குச் சென்னை உயர் நீதிமன்றம். மோதிய கப்பல் அகப்படாவிட்டால் அதே உரிமையாளரின் வேறு கப்பலையும் பிடிக்கலாம் என்பது நல்ல ஆயுதம். வரம்பை உடைப்பதோ மிகக் கடினம். உரிமையாளரே வேண்டுமென்று, அல்லது நட்டம் வரும் என்று தெரிந்தே துணிந்து செய்ததாக நிரூபிக்க வேண்டும். கேப்டன் தூங்கினார் என்பது போதாது.

இன்னொரு செலவும் உண்டு. கப்பலையும் சரக்கையும் காப்பாற்ற ஆன செலவில், சேதப்படாத சரக்குக்காரரும் பங்கு தர வேண்டும். ஈடு கொடுக்கும் வரை சரக்கை விடமாட்டார்கள். இன்சூரன்ஸ் இருந்தால் கம்பெனியே ஈடு எழுதித் தரும். இல்லாதவர் ரொக்கம் கட்ட வேண்டும்.

கடலில் இருக்கும்போதே சரக்கை வாங்கும் 'ஹை-சீஸ்' கொள்முதலில் நம் மொத்த வியாபாரிகள் ஏமாறுவது இங்கேதான். பில் ஆஃப் லேடிங்கை மட்டும் தம் பெயருக்கு மாற்றி வாங்குகிறார்கள். இன்சூரன்ஸ் பாலிசியையும் அவ்வாறே எழுதி வாங்க வேண்டும். குடோனில் இறங்கிய பின் வாங்குவதாகப் பேசி முன்பணம் மட்டும் கொடுத்தவருக்குக் கப்பல் மேல் உரிமையே இல்லை. அவர் இறக்குமதியாளரைத்தான் கேட்க முடியும். சரக்கு ஏற்றிய கப்பலின் மேல் வழக்குப் போட, சரக்கு வந்த அல்லது வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுதான் கெடு.