அரசு உடல்நலத் தளங்களை எடைபோடும் முறை

அமெரிக்காவில் ‘டாட் கவ்’ என முடியும் இணைய முகவரியை அரசு அமைப்புகள் மட்டுமே பெற முடியும். அந்த முகவரியில் இயங்கும் உடல்நலத் தளங்கள் பொதுவாகப் படிப்பவரிடம் மருந்தோ மாத்திரையோ விற்க வருவதில்லை. தனியார் தளங்களைப் படிக்கும்போது எழும் பாதிச் சந்தேகங்கள் இதனாலேயே அடங்கிவிடுகின்றன. ஆனால் முகவரி சொல்வது தளம் யாருடையது என்பதை மட்டுமே. மருத்துவர்கள் சரிபார்த்த கட்டுரையும், எவரும் எழுதிப் பதியக்கூடிய புகாரும், அமைச்சரின் கொள்கை அறிவிப்பும் ஒரே அரசு முத்திரையின்கீழ் அருகருகே இருக்கின்றன. ஆகவே இத்தளங்களை நெடுநாள் பயன்படுத்துவோர் ஒரு தளத்தை மொத்தமாக நம்புவதோ ஒதுக்குவதோ இல்லை. பக்கம் பக்கமாக எடைபோடுகிறார்கள்.

முதலில் பார்க்க வேண்டியது பக்கத்தின் வகை. தேசிய மருத்துவ நூலகம் 1998 முதல் நடத்திவரும் மெட்லைன்பிளஸ், பொதுமக்கள் படித்துப் புரிந்துகொள்வதற்காகவே எழுதப்படுவது. அதே நூலகத்தின் பப்மெட், 3.5 கோடிக்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகளுக்கான அட்டவணை. அதில் இடம்பெற்றதால் மட்டும் ஒரு கட்டுரையின் முடிவை அரசு ஏற்றுக்கொண்டது என்று ஆகாது. எலிகளில் செய்த சிறு ஆய்வும் அங்கே இருக்கும். மருத்துவச் சோதனைகளின் பதிவேடான கிளினிக்கல்ட்ரையல்ஸ் டாட் கவ் தளத்தில் ஆய்வை நடத்துபவரே விவரங்களைப் பதிகிறார். நிரூபிக்கப்படாத ஸ்டெம் செல் சிகிச்சைக்கு நோயாளிகளிடம் பணம் வாங்கும் கிளினிக்குகளும் அதில் பதிந்துகொண்டு, அதையே அரசு அங்கீகாரம் போலக் காட்டியதுண்டு.

தடுப்பூசிக்குப் பின் நேரும் பாதிப்புகளை 1990 முதல் திரட்டிவரும் வேயர்ஸ் தொகுப்பை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். மருத்துவர், நோயாளி, உறவினர் என எவரும் அதில் எழுதலாம். ஊசி போட்ட பின் நடந்தது என்பதைத்தான் பதிவு சொல்கிறது. ஊசியால் நடந்தது என்பதை அல்ல. தடுப்பூசி தன்னைக் கற்பனைக் கதாபாத்திரமான ஹல்க்காக மாற்றிவிட்டது என்று ஒரு மருத்துவர் சோதித்துப் பார்க்க அனுப்பியதைக்கூட அது முதலில் பதிந்துகொண்டது. புதிய ஆபத்து ஏதும் தலைகாட்டினால் ஆய்வாளர்கள் சீக்கிரம் கவனிக்கவே இந்த ஏற்பாடு. அதிலுள்ள மரணப் பதிவுகளைக் கூட்டி, இத்தனை பேர் தடுப்பூசியால் இறந்தனர் என்று சொல்வது தவறான வாசிப்பு.

அடுத்தது தேதி. பக்கத்தின் அடியில் ‘புதுப்பித்த நாள்’, ‘மறுஆய்வு செய்த நாள்’ என இரண்டு இருக்கக்கூடும். எழுத்துப்பிழை திருத்தினாலே முதலாவது மாறிவிடும், எடையுள்ளது இரண்டாவதுதான். அரசு ஆதரவில் இயங்கும் தடுப்பு மருத்துவப் பணிக்குழு, மார்பகப் புற்றுநோயைக் கண்டறியும் மேமோகிராம் பரிசோதனையை வழக்கமாக 50 வயதில் தொடங்கலாம் என்று 2009இல் பரிந்துரைத்தது. 2024இல் அதை 40 ஆக்கியது. பழைய பக்கத்தை நம்பியவர் பத்தாண்டு தள்ளிப்போட நேரும்.

பரிந்துரை மாறுவது குறையாகாது. மாற்றத்துக்கான சான்று கூடவே தரப்படுகிறதா என்பதுதான் கேள்வி. பணிக்குழு தன் வரைவைப் பொதுமக்கள் கருத்துக்கு வைத்து, சான்று அறிக்கையையும் வெளியிடுகிறது. மாறாக, நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையமான சிடிசி, கொரோனா காற்றில் மிதந்து பரவுவது பற்றிய குறிப்பை 2020 செப்டம்பர் 18இல் ஏற்றி, வரைவு தவறுதலாக வெளியாகிவிட்டது என்று 21இல் நீக்கி, அக்டோபர் 5இல் வேறு சொற்களில் மீண்டும் சேர்த்தது. இப்படி ஏறி இறங்கும் பக்கத்தை, அமைப்புக்குள்ளேயே முடிவு உறுதியாகாத விஷயம் என்று எடுத்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது, சார்பு. அது பெரும்பாலும் பொய்யாக வருவதில்லை. அமைப்புக்குக் கொடுக்கப்பட்ட வேலையிலிருந்தே வருகிறது. அமெரிக்க வேளாண் துறைக்கு விளைபொருள் சந்தையை வளர்ப்பதும் பொறுப்பு, மக்கள் எதைச் சாப்பிடலாம் என்று சொல்வதும் பொறுப்பு. 1991இல் அது தயாரித்த உணவுப் பிரமிடை, இறைச்சி, பால் உற்பத்தியாளர்கள் எதிர்த்ததும் நிறுத்திவைத்து, மறுஆண்டுதான் வெளியிட்டது. இந்தியாவில் ஆயுஷ் அமைச்சகம் ஆயுர்வேதம், சித்தா, ஹோமியோபதி உள்ளிட்ட முறைகளை வளர்க்கவே ஏற்பட்டது. கொரோனாவைத் தடுக்க ஆர்செனிகம் ஆல்பம் 30 என்ற ஹோமியோபதி மருந்தை அது 2020 ஜனவரி 29இல் பரிந்துரைத்தபோது, அந்நோய்க்கு அது பலன் தருவதைக் காட்டும் மருத்துவச் சோதனை ஏதும் இல்லை. எதை வளர்ப்பதற்காக ஓர் அமைப்பு உருவானது என்று தெரிந்துகொண்டால், அதன் பக்கங்களில் எதைக் கூர்ந்து படிக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

ஆட்சியாளர்களின் விருப்பமும் பக்கங்களை மாற்றும். கருக்கலைப்புக்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணப்படவில்லை என்றிருந்த அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தின் குறிப்பு, 2002 நவம்பரில், ஆய்வு முடிவுகள் முரண்படுகின்றன என்று மாற்றி எழுதப்பட்டது. எதிர்ப்பு எழவே, 2003 பிப்ரவரியில் நூற்றுக்கும் மேற்பட்ட வல்லுநர்கள் கூடித் தொடர்பில்லை என்று முடிவுசெய்தார்கள். பிறகு குறிப்பு திருத்தப்பட்டது. 2025 நவம்பரில் சிடிசி, தடுப்பூசிகள் ஆட்டிசத்தை உண்டாக்குவதில்லை என்ற தலைப்பை நட்சத்திரக் குறியோடு வைத்துக்கொண்டே, அந்தக் கூற்று சான்றின் அடிப்படையிலானதல்ல என்று உள்ளே எழுதியது. ஆனால் 6.5 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளைக் கொண்டு 2019இல் வெளியான டென்மார்க் ஆய்வு, தட்டம்மை உள்ளிட்ட நோய்களுக்கான எம்எம்ஆர் ஊசியால் ஆட்டிச ஆபத்து கூடவில்லை என்று கண்டிருந்தது.

இத்தகைய மாற்றங்களைப் பிடிக்க, இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷினில் அதே முகவரியின் பழைய பிரதிகளை எடுத்துப் பார்க்கலாம். ஆட்சி மாறிய பின் சொற்கள் மாறியிருந்து, முடிவைப் புரட்டிப்போடும் அளவுக்குப் புதிய ஆய்வு எதுவும் காட்டப்படவில்லை என்றால் அந்தப் பக்கத்தை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது.

நான்காவது, சொல்லும் விதம். ஆபத்து பாதியாகக் குறையும் என்பது 1000 பேரில் 2 பேருக்கு வருவது ஒருவருக்கு என்று ஆவதாக இருக்கலாம். 200 பேருக்கு வருவது 100 பேருக்கு என்று ஆவதாகவும் இருக்கலாம். எண்ணிக்கையைத் தராத பக்கம் பாதியைத்தான் சொல்கிறது. ‘ஆதாரம் இல்லை’ என்பதும் அப்படித்தான்: தேடிப் பார்த்துக் கிடைக்கவில்லையா, யாரும் இன்னும் தேடவே இல்லையா? பணிக்குழுவின் தரக்குறியீடுகள் இதைப் பிரித்துக் காட்டுகின்றன. ‘டி’ என்றால் பலனில்லை, அல்லது பலனைவிடத் தீங்கு அதிகம். ‘ஐ’ என்றால் முடிவு சொல்லப் போதிய சான்று இல்லை.

கடைசிப் படி, ஒத்துப்பார்ப்பது. சிடிசியின் வரிகளையே எடுத்துப் போட்டிருக்கும் மாநிலத் தளத்தோடு சிடிசியை ஒப்பிட்டுப் பயனில்லை. பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ், கனடா, ஆஸ்திரேலிய அரசுத் தளங்கள், காக்ரேன் என்ற அமைப்பின் தொகுப்பாய்வுகள் ஆகியவை தனித்தனியே முடிவெடுப்பவை. எல்லாம் ஒத்துப்போனால் பெரும்பாலும் நம்பலாம். ஒன்று மட்டும் விலகினால் காரணம் தேட வேண்டும். விலகல் எல்லாமே சார்பு அல்ல. மேமோகிராமுக்கு அமெரிக்கப் பணிக்குழு 40 முதல் 74 வயது வரை இரண்டாண்டுக்கு ஒருமுறை அழைக்கிறது. என்எச்எஸ் 50 முதல் 71 வயது வரை மூன்றாண்டுக்கு ஒருமுறை அழைக்கிறது. பரிசோதனையின் பலனையும், திசு எடுத்துச் சோதிக்கும் தேவையற்ற பயாப்சி போன்ற தீங்குகளையும் இரு நாடுகளும் வேறு வேறாக நிறுத்திருக்கின்றன. அப்படிப்பட்ட இடத்தில் எந்தத் தளமும் தனியாக விடை தராது. வயதையும் குடும்பத்தில் உள்ள நோய்களையும் சொல்லி மருத்துவரோடு பேசி முடிவெடுப்பதே சரி.