வற்றிய தொட்டியிலும் உயிர்வாழும் முட்டை

“தொட்டித் தண்ணீரை வாரந்தோறும் கொட்டிவிடுகிறோமே, டாக்டர், பிறகு கொசு எங்கிருந்து வருகிறது?” டெங்கு நோயாளிகளின் உறவினர் எங்களிடம் அடிக்கடி கேட்பது இது. நியாயமான கேள்விதான். விடை தண்ணீரில் இல்லை. தொட்டியின் சுவரில் இருக்கிறது.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி என்னும் பெண் கொசு, இரத்தம் குடித்த பின் ஒரு தடவைக்கு ஏறத்தாழ 100 முட்டைகள் இடும். அவற்றை நீர்மட்டத்திற்குச் சற்று மேலே, ஈரமான உட்சுவரில் ஒட்டி வைக்கும். அதுவும் ஒரே இடத்தில் அன்றி, பல கலங்களில் பிரித்து வைக்கும். ஒரு மில்லிமீட்டர் நீளமும் இல்லாத கரிய முட்டைகள், அழுக்கென்றே தோன்றும். தண்ணீர் வற்றினாலும் அவை சாவதில்லை. பல மாதங்கள் உலர்ந்து கிடந்து, மீண்டும் நீர் ஏறி நனைத்ததும் பொரியும். நம் ஊர் வெப்பத்தில் புழுவாகி, கூட்டுப்புழுவாகி, 8 முதல் 10 நாட்களில் கொசுவாகிவிடும்.

2017ஆம் ஆண்டு டெங்குவால் மிகவும் அல்லலுற்ற மாவட்டங்களுள் சேலமும் ஒன்று. குழாய் நீர் சில நாட்களுக்கு ஒருமுறையே வரும் தெருக்களில் தொட்டியும் டிரம்மும் இல்லாமல் குடும்பம் நடத்த இயலாது. அதற்காக யாரையும் நாங்கள் குறைகூற மாட்டோம். சேமிக்கும் நீரைக் கொசு புகாதபடி இறுக மூடுங்கள். வாரம் ஒருமுறை காலி செய்யும்போது, நீர்க்கோடு படிந்த உட்சுவரை நாரோ பிரஷோ கொண்டு அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். வெறுமனே கொட்டுவதால் புழுக்கள் போகும், முட்டைகள் தங்கிவிடும். முற்றத்தில் மறந்துபோன ஆட்டுக்கல், தேங்காய்ச் சிரட்டை, குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டு ஆகியவற்றையும் பாருங்கள். நாமக்கல், திருச்செங்கோடு பகுதி லாரிப் பட்டறைகளில் குவிந்த பழைய டயர்களைக் கூரையின் கீழ் வைப்பதே நல்லது. டயருக்குள் தேங்கிய மழைநீரை முழுதாக வடிப்பது கடினம்.

வீட்டில் ஒருவருக்கு டெங்கு இருந்தால் இன்னொன்றும் அவசியம். காய்ச்சலின் முதல் நான்கைந்து நாட்கள் அவர் இரத்தத்தில் வைரஸ் மிகுந்திருக்கும். அப்போது அவரைக் கடிக்கும் கொசு, 8 முதல் 12 நாட்களுக்குப் பின் பிறருக்கும் நோயைப் பரப்ப வல்லது. இக்கொசு பெரும்பாலும் பகலில் கடிப்பது. ஆகையால் நோயாளி பகலில் உறங்கும்போதும் கொசுவலை கட்டுங்கள்.